அரை என்றால் கோழி

1. ஆய்வு

ஆய்வுக்கு வந்த அதிகாரி மூன்றாம் வகுப்புக்குள் நுழைந்து, போர்டைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், பிறகு, "பின்னம் நடத்தியாச்சா? சரி, அரைன்னா என்ன? யாராவது சொல்லுங்க பார்ப்போம்" என்றார்.

யாராவது சொல்லவில்லை. வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் சொன்னது.

"கோழி!"

நான் சுவரில் மாட்டியிருந்த இந்திய வரைபடத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். அதிகாரிக்குப் பின்னால் நின்ற எங்கள் ஹெச்.எம். விமலா மேடம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே என் மீதி சர்வீஸ் எங்கே கழியப்போகிறது என்பது தெரிந்தது.

"கோழியா?" என்றார் அதிகாரி.

முன் பெஞ்சு சஞ்சய் எழுந்தான். யாரும் அவனை எழச் சொல்லவில்லை. "ஆமா சார். கோழி அரை. மாடு ஒண்ணு. நண்டு ரெண்டரை."

பின் பெஞ்சிலிருந்து நிதிஷ் கத்தினான். "நண்டு ரெண்டுதான் சார்! கொடுக்கைச் சேக்கக் கூடாது!"

அதிகாரி மெதுவாக என் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கோழிக்கு இரண்டு கால். இரண்டு கால் சேர்ந்தால் அரை. அவர் முகத்தில் ஒரு குறும்பு வந்தது.

"சரிடா. அப்ப வெறும் கால்? அது எது?"

"கொக்கு சார்" என்றான் சஞ்சய். "தூங்கறப்ப மட்டும்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். விமலா மேடமும், அதிகாரி சிரித்த பிறகு சிரிப்பதில் தவறில்லை என்று முடிவு செய்து, சிரித்தார். அந்த நிமிஷத்தில் ஆய்வு முடிந்திருந்தால் எனக்கு நல்லாசிரியர் விருதுகூடக் கிடைத்திருக்கும்.

சஞ்சய் உட்காரவில்லை. "இன்னொண்ணும் கால் இருக்கு சார். தர்ஷினியோட அப்பா."

வகுப்பு இன்னும் பலமாகச் சிரித்தது. அதிகாரிக்கு எதுவும் தெரியாது என்பதால் அவர் முகத்தில் பழைய சிரிப்பே நின்றது. விமலா மேடத்துக்கும் எனக்கும் தெரியும். தர்ஷினியின் அப்பா முருகையனுக்கு லாரி மோதி வலது கால் போய்ச் சில வருஷம் ஆகிறது. மூன்றாவது பெஞ்சில் தர்ஷினி தலையை மேஜைமேல் கவிழ்த்துக்கொண்டாள். ரிப்பன் கட்டிய இரண்டு சடைதான் தெரிந்தது.

அதிகாரி அந்தச் சடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்துகொண்டார். வாசலில் நின்று, "கோழி நல்லா இருந்திச்சும்மா. அதோட நிறுத்தியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். பக்கத்து வகுப்புக்குப் போய்விட்டார்.

2. கோழி எப்படி உள்ளே வந்தது

புதிதாக வேலைக்கு வருகிற ஆசிரியர்கள் என்னிடம், "பின்னம் எப்படி டீச்சர் நடத்துறது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்தில் கடற்கரைக்குப் போகிற பாதையில் இருந்தது எங்கள் தொடக்கப்பள்ளி. பாதி வகுப்பு வயல்காரப் பிள்ளைகள், பாதி வகுப்பு கடற்கரைப் பிள்ளைகள். நான் வெகுகாலம் ஒன்றாம் வகுப்பிலேயே இருந்தவள். ஒன்றாம் வகுப்பில் பெரிய நெருக்கடி என்றால் யாராவது டிரவுசரை நனைத்துவிடுவதுதான். அதற்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். திடீரென்று ஒரு ஜூன் மாதம் விமலா மேடம், "ராஜி டீச்சர், இந்த வருஷம் தேர்டு நீங்க எடுத்துக்குங்க" என்றார். நானும் எடுத்துக்கொண்டேன். பின்னம் அதில் இருப்பதை யாரும் எச்சரிக்கவில்லை.

சிபிஎஸ்இ வந்த பிறகு புத்தகம் இங்கிலீஷ். ஹாஃப், குவார்ட்டர். குவார்ட்டர் என்ற சொல்லைப் போர்டில் எழுதியதும் நாலைந்து பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். காரைக்காலில் வளர்கிற பிள்ளைக்கு அந்தச் சொல் எங்கே எழுதியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உடனே அழித்துவிட்டு "கால்" என்று தமிழில் எழுதினேன்.

முதலில் பீட்சா படத்தைக் காட்டினேன். அது சிக்கனா, வெஜ்ஜா என்ற விவாதத்தில் ஒரு பீரியட் போனது. அடுத்த நாள் காகிதம் கொடுத்து மடிக்கச் சொன்னேன். முதல் மடிப்பு அரை. இரண்டாவது மடிப்பு கால். மூன்றாவது மடிப்பில் ராக்கெட். ஒன்று என் கொண்டையில் வந்து குத்தியது.

பிறகு பிஸ்கட் வாங்கிக்கொண்டு போனேன். இரண்டு பேருக்கு ஒரு பிஸ்கட். பாதியாக உடைக்க வேண்டும்.

"டீச்சர், இவன் பெரிய பாதிய எடுத்துக்கிட்டான்!"

"பெரிய பாதின்னு ஒண்ணு கிடையாதுடா. பாதின்னா ரெண்டும் சமம்."

"சமமாத்தான் டீச்சர் இருக்கு. அவனோடது மட்டும் கொஞ்சம் பெருசு."

இப்படியே ஒரு வாரம். கடைசியில், "அரை பெருசா, கால் பெருசா?" என்று கேட்டேன். "கால்!" என்றார்கள். ஏன் என்றால் கீழே நாலு இருக்கிறதாம். அரைக்குக் கீழே வெறும் இரண்டுதானாம். நாற்காலியில் சாய்ந்து மின்விசிறியைப் பார்த்தேன். அது என்னைவிட உற்சாகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சஞ்சய் எழுந்தான். அவன் வீட்டில் மாடு உண்டு. கொஞ்ச நேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தவன், "டீச்சர், நாலு கால் சேந்தா ஒண்ணுன்னு சொன்னீங்கள்ல?" என்றான்.

"ஆமா."

"மாட்டுக்கு நாலு கால்."

"ஆமா."

"அப்ப மாடு ஒண்ணு. சரியா வருது டீச்சர்!"

வகுப்பு நிமிர்ந்தது. நான் வாய் திறப்பதற்குள் யாரோ, "அப்ப கோழி?" என்று கேட்டார்கள். விரல்கள் மடங்கின. பிறகு நாலு மூலையிலிருந்தும் பதில் வந்தது. அரை!

ஒரு வாரமாகப் புத்தகமும் காகிதமும் பிஸ்கட்டும் சேர்ந்து செய்ய முடியாததை அந்த மாடு அரை மணி நேரத்தில் செய்தது. ரெண்டு கோழி என்றால் ஒண்ணு என்றார்கள். மாடும் கோழியும் என்றால் ஒண்ணரை. கோழியும் தூங்குகிற கொக்கும் என்றதற்கு வகுப்பிலேயே மெதுவாகப் படிக்கிற பிள்ளை எழுந்து "முக்கால்" என்றாள். பெரிய வகுப்பில் பின்னக் கூட்டல் என்று தலையில் அடித்துக்கொண்டு நடத்துகிற சமாச்சாரம் அது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நண்டில்தான் சண்டை வந்தது. சஞ்சய் பத்து கால் என்றான். நிதிஷின் அப்பா படகில் போகிறவர். நண்டைப் பற்றி மாட்டுக்காரன் பேசுவதை நிதிஷால் பொறுக்க முடியவில்லை. "எட்டுதான் கால். மத்த ரெண்டும் கொடுக்குடா. அதால அது நடக்குமா?" என்றான். நடக்காததால் அது கால் இல்லை, ஆகவே நண்டு இரண்டு. வயல் கட்சி, கடற்கரைக் கட்சி என்று வகுப்பு பிரிந்துவிட்டது. மணி அடித்த பிறகும் வாசலில் வாதம் தொடர்ந்தது. கணக்குப் பாடத்துக்காகப் பிள்ளைகள் சண்டை போட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

விமலா மேடம் கூப்பிட்டு அனுப்பினார். "என்ன டீச்சர், இங்கிலீஷ் மீடியம் வச்சிருக்கோம், உங்க கிளாஸ்லேருந்து கோழி கோழின்னு சத்தம் வருது?"

"ஹென்னுன்னு கத்தச் சொல்லட்டுமா மேடம்?"

பத்து நாள் கழித்து ஆய்வு வந்தது.

3. கணக்குப்படி சரி

அதிகாரி போனதும், "இனிமே இந்த ஸ்கூலுக்குள்ள கோழி வரக் கூடாது" என்றார் விமலா மேடம். "மதியச் சாப்பாட்டுல போடற முட்டையையும் நிறுத்திடுவோமா?" என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. தர்ஷினியின் சடை நினைவுக்கு வந்து, பேசாமல் இருந்துவிட்டேன்.

மறுநாள் தர்ஷினி வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

சஞ்சயைத் தனியாகக் கூப்பிட்டேன். "அப்படிச் சொல்லலாமாடா?" என்றேன். அவன் கண் கலங்கித்தான் இருந்தது. தர்ஷினி இல்லாத பெஞ்சை அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் நேர்மையாக ஒரு கேள்வி கேட்டான்.

"சொல்லியிருக்கக் கூடாதுதான் டீச்சர். ஆனா கணக்குப்படி சரிதானே?"

கணக்குப்படி சரிதான். கொக்குக்குச் சரி என்று கை தட்டியவள் நான். அதே கணக்கை அவன் இன்னொரு இடத்தில் போட்டான். "மத்தவங்க மனசு நோகும்" என்று அறிவுரை சொல்லலாம். அது நல்ல பழக்கம், கணக்கு இல்லை. கணக்கு அந்தப் பெண் பிள்ளைக்கு எதிராகவே நின்றுகொண்டிருந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போக எனக்கு மனசு வரவில்லை.

சாயந்திரம் வீட்டுக்குப் போகிற வழியில் கோட்டுச்சேரியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். தர்ஷினியின் அப்பா கடை அங்கேதான்.

4. காயில் கடையில்

முருகையன் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். பம்ப்செட் மோட்டார் எரிந்துபோனால் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். கடை வாசலில் பக்கத்துக்கு ஒரு சக்கரம் கூடுதலாக வைத்த அவருடைய ஸ்கூட்டர் நின்றது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். அவர் ஊன்றி நடக்கிற இரண்டு கட்டையும் சுவரில் சாய்ந்திருந்தன. உள்ளே மோட்டார்களுக்கு நடுவில் தர்ஷினி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு மோட்டாருக்குப் பின்னால் போய்விட்டாள்.

"வாங்க டீச்சர். கால் ஆளைப் பாக்க வந்தீங்களா?" என்றார் முருகையன்.

நான் வாசலிலேயே நின்றேன். அவர் ஒரு ஸ்டூலைத் துடைத்து முன்னால் தள்ளினார்.

"உக்காருங்க. எனக்கு ஒண்ணும் இல்லீங்க. நேர்லயே நொண்டின்னு சொல்றவன்கிட்டயே மோட்டார் வாங்கிக் கட்டித் தரேன். புள்ளைக்குத்தான் தாங்கல. அன்னைக்கி வந்தவ என்ன கேட்டா தெரியுமா? கட்டை ரெண்டையும் சேத்தா நீ முக்கால் ஆயிடுவியாப்பான்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமாம்மான்னேன். அப்ப இன்னொரு கட்டை வாங்கிக்கப்பா, நீ முழுசாயிடுவேன்னா." கம்பியைச் சுற்றுவதை நிறுத்தினார். பிறகு மறுபடி சுற்ற ஆரம்பித்தார். "நான் என்ன செய்றது? சிரிக்க வைக்கலாம்னு, உங்கம்மாவுக்கு ரெண்டு கால், அவ அரைதான்டி, நான் முக்கால், வீட்ல நான்தான் பெரிய ஆளுன்னேன். புள்ள சிரிக்கல. அவ அம்மா அடுப்படியிலேருந்து கேட்டுட்டா. ரெண்டு நாளா எனக்குச் சோறு வெக்கிற சத்தமே வேற மாதிரி இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மோட்டாருக்குப் பின்னாலிருந்து ஒரு சடை எட்டிப் பார்த்தது.

"தர்ஷினி, நானும் அரைதான்" என்றேன். "சஞ்சயும் அரைதான். நம்ம ஹெச்.எம். மேடமும் அரைதான். இதுல உனக்கு என்ன வருத்தம்?"

அவள் எழுந்து நின்றாள். "எல்லாரும் அரைன்னா யாரும் சிரிக்க மாட்டாங்க டீச்சர். கால்னாதான் சிரிக்கிறாங்க."

முருகையன் கம்பிச் சுருளை மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பேச்சுக்கு அவரிடமும் வேடிக்கை இல்லை.

"நாளைக்கு வா. கணக்கைச் சரி பண்ணுவோம்" என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

"அப்பாவும் வந்தா வரேன்" என்றாள்.

காரைக்கால் பஸ்ஸில் நின்றுகொண்டே அவள் சொன்னதைத் திருப்பித் திருப்பி யோசித்தேன். எல்லோரும் அரை. எதில் அரை? கண்டக்டர், "டீச்சர், டிக்கெட்" என்றார். இந்த ஆளும் அரை. எதில்? அப்போதுதான் உறைத்தது. நாங்கள் மாட்டை ஒன்று என்று வைத்துக்கொண்டு ஊரையே அளந்துகொண்டிருந்தோம். அதுவும் மாட்டைக்கூட இல்லை, மாட்டின் கால்களை. பாடத்தில் முதல் நாளே சொல்ல வேண்டிய ஒன்று, முழுசு எது என்பது. கோழி வந்த குஷியில் அதைத் தாண்டி ஓடிவிட்டோம். சஞ்சயின் கணக்கு மனசுக்கு மட்டும் தப்பு இல்லை, கணக்குக்கே தப்பு.

5. எதில்?

மறுநாள் காலை ஸ்கூட்டர் நேராகப் பள்ளி வளாகத்துக்குள் வந்தது. பின்னால் தர்ஷினி. விமலா மேடம் வெளியே ஓடிவந்தார். புகார் கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பார். முருகையன், "ஒண்ணுமில்ல மேடம், கிளாஸ்ல உக்காரச் சொல்லி டீச்சர் கூப்பிட்டாங்க" என்றார். நான் கூப்பிடவில்லை. ஆனாலும் ஆமாம் என்றேன். என்ன நடக்குமோ என்று விமலா மேடமும் கூடவே வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

முருகையனைப் பார்த்ததும் சஞ்சய் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்ய ஆரம்பித்தான். அவன் போட்டிருந்தது வார் இல்லாத செருப்பு.

"நான் எத்தனை?" என்று வகுப்பைக் கேட்டேன்.

"அரை!"

"எதுல அரை?"

கத்தியவர்கள் பக்கத்து முகத்தைப் பார்த்தார்கள்.

"அரைன்னா ஏதோ ஒரு முழுசுல பாதி. என்னோட முழுசு எது?"

சஞ்சயால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. செருப்பை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கினான். "மாடு டீச்சர்."

"அப்ப நான் மாட்டுல பாதியா?"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. "ஹெச்.எம். மேடம்?" என்றேன். யாருக்கும் தைரியம் வரவில்லை. சஞ்சய் மட்டும் மெல்லிய குரலில், "அவங்களும் மாட்டுல பாதிதான்" என்றான். விமலா மேடத்துக்கு இருமல் வந்தது.

"மாட்டுல பாதின்னா எப்படி இருக்கும்? ரெண்டு கால் மட்டும் போதுமா?"

"பாதித் தலையும் வேணும் டீச்சர்."

"பாதி வாலு!"

"ஒரு கொம்பு!"

"அது எதாவது எங்கிட்ட இருக்கா?"

இல்லை என்று ஒத்துக்கொண்டார்கள். ஒரு பையன் மட்டும் என் கொண்டையைச் சந்தேகமாகப் பார்த்தான்.

அப்போது நிதிஷ் எழுந்தான். "டீச்சர், வலையிலேருந்து நண்டு எடுக்கறப்ப கால் ஒடிஞ்சிரும். அப்பவும் அது ஒரு நண்டுதான். ஒண்ணேமுக்கால் நண்டுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

"ரெண்டேகால்!" என்றான் சஞ்சய்.

"ஒண்ணேமுக்கால்டா!"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க. நிதிஷ் என்ன சொல்றான்னு கேட்டீங்களா? கால் போனா குறையறது எதுல?"

"கால்ல" என்றது ஒரு குரல். தர்ஷினி. அவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். "கால்லதான் டீச்சர் குறைஞ்சுது. நண்டுல குறையல."

போர்டுக்கு வரச் சொன்னேன். சாக்பீஸை வாங்கி இரண்டு கோடு போட்டாள். ஒரு கோட்டை அழித்தாள். "இது எங்கப்பா கால். ரெண்டுல ஒண்ணு. கால்ல அரை." பிறகு பக்கத்தில் பெரிதாக ஒரு ஒன்று எழுதினாள். "இது எங்கப்பா." சொல்லிவிட்டு சஞ்சயைப் பார்த்தாள். "உங்கப்பாவும் ஒண்ணுதான். அரை இல்ல. மாடு இல்ல."

சஞ்சய் தலையை ஆட்டினான். கணக்கு என்றால் அவன் ஒத்துக்கொள்வான்.

முருகையன் மகளைப் பார்த்தார். "சரிதாம்மா. செருப்புக் கடையில மட்டும்தான் எனக்குப் பின்னம். ஜோடி வாங்கி அதுல அரைய வீட்ல வச்சிடறேன்." பிறகு சஞ்சய் பக்கம் திரும்பினார். "தம்பி, நீதானா அந்தக் கணக்குப் புலி?"

"ஆமா மாமா" என்றான் சஞ்சய். குரல் கீழே எங்கேயோ இருந்தது. "தெரியாம சொல்லிட்டேன் மாமா."

"தெரிஞ்சுதான் சொன்ன. பரவால்ல. இனிமே சொல்றதா இருந்தா என் வண்டியோட சேத்துச் சொல்லு. அதுக்கு நாலு சக்கரம்."

பாவம், அவன் அடக்கிக்கொள்ளத்தான் பார்த்தான். உதட்டைக் கடித்தான். விரல் தானாக மடங்கியது. "ஒண்ணேகால் மாமா!"

முருகையன் தொடையில் தட்டிச் சிரித்தார். வகுப்பு சிரித்தது. நான் தர்ஷினியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் போர்டருகிலேயே நின்று, "எதுல ஒண்ணேகால்? மாட்டுலயா, வண்டியிலயா?" என்று சஞ்சயை அதட்டினாள். அவன் விழித்தான். அதைப் பார்த்து அவளும் சிரித்துவிட்டாள்.

6. அதற்குப் பிறகு

விமலா மேடம் கோழிக்கான தடையை நீக்கியதாக எங்கும் அறிவிக்கவில்லை. கேட்கவும் இல்லை. நானும் நிறுத்தவில்லை. இப்போதும் மூன்றாம் வகுப்புக்கு மாட்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். ஆனால் இரண்டாம் நாளே பிள்ளைகள் அந்த மாட்டையே கேள்வி கேட்கும்படி செய்துவிடுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பிள்ளைகள் கொண்டுவருகிற கோணல் கணக்கை அடித்துத் திருத்தாதீர்கள். நீங்கள் கொண்டுவருகிற பீட்சாவைவிட அது வேலை செய்யும். ஆனால் யாராவது அரை என்றால், கால் என்றால், "எதில்?" என்று கேட்கப் பழக்குங்கள். அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் பின்னம் ஆளைக் குறைத்துவிடும். பழக்கிவிட்டால் ஒரு தொந்தரவும் உண்டு. அவர்கள் உங்களையும் விட மாட்டார்கள்.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் விமலா மேடம் வகுப்பு வகுப்பாக வந்து, "நாளைக்கு அரை நாள்தான் ஸ்கூல்" என்று சொல்லிக்கொண்டு போனார். மற்ற வகுப்புகள் ஓ என்று கத்தின. மூன்றாம் வகுப்பு கத்தவில்லை. தர்ஷினி கையைத் தூக்கினாள்.

"எதுல அரை மேடம்? ஸ்கூல் நடக்குற நேரத்துலயா, மொத்த நாள்லயா?"

"ஸ்கூல் நேரத்துலதான்."

"சாப்பாட்டு நேரத்தைச் சேத்தா, சேக்காமயா?"

விமலா மேடம் என்னைப் பார்த்தார். நான் வரைபடத்தைப் பார்த்தேன். வகுப்பு முழுவதும் பதிலுக்காகக் காத்திருந்தது; சஞ்சய் விரல்களைத் தயாராக விரித்து வைத்திருந்தான். எங்கள் ஹெச்.எம். கொஞ்ச நேரம் வாசற்படியிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்தார், சாக்பீஸை எடுத்தார், போர்டில் எழுதிக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் வெளியே போனார்.